படத்துக்கும் ஒரு குறி வேண்டும்

1990ஆம் ஆண்டு தலைமன்னார், பேசாலைக் கரைகளிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் படகேறியவர்கள், அதே ஆண்டு ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் சென்ற முஸ்லிம் மக்கள், 2007 செப்டெம்பரில் முள்ளிக்குளத்தை விட்டு எழுந்தவர்கள் எனப் பலரும் விட்டுச் சென்றவற்றுள் குடும்பப் படங்களும் அடங்கும். கலியாணப் படம்கூட மிஞ்சாத வீடுகள் நம்மிடையே உண்டு.

இன்று அப்படங்களின் பிரதிகள் வெளிநாட்டு உறவினரிடமிருந்து கைத்தொலைபேசி வழியே திரும்பி வருகின்றன. நாமும் பிள்ளைகளின் படங்களை அனுப்புகிறோம். இது நல்லதே. ஆனால் அன்று படம் தொலைந்துவிடுமே என்று அஞ்சினோம். இன்று அது யார் கைக்குப் போகுமோ என்று அஞ்ச வேண்டியுள்ளது.

சேலத்தில் நடந்தது

2016 ஜூனில் தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில், ஓர் இளம்பெண்ணின் முகம் ஆபாசப் படத்துடன் ஒட்டப்பட்டு முகநூலில் இடப்பட்டது. பெற்றோர் பொலிசில் முறையிட்டும் விசாரணை தாமதமாயிற்று. அப்பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு ஜூனில் முகநூல் நிறுவனம், முகப்புப் படத்தின்மேல் துணிவேலை போன்ற பூவேலைகளைப் பதிக்கும் வசதியை இந்தியாவில் அறிமுகம் செய்தது. அவ்வாறு பதித்த படத்தைப் பிறர் பிரதி எடுப்பது குறைந்தது 75 சதவீதம் குறைவதாக ஆரம்பப் பரிசோதனையில் தெரிந்தது என்றும் அறிவித்தது.

நீர்க்குறி என்றால் என்ன?

நாணயத்தாளை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மங்கலாக ஓர் உருவம் தெரியும். அதுவே நீர்க்குறி. படத்தின்மேல் மங்கலாக எழுதும் எழுத்துக்கும் அப்பெயரே வழங்குகிறது. நாம் மாட்டுக்குக் குறி சுடுகிறோம். அது களவை முற்றாகத் தடுக்காது. ஆனால் களவு மாட்டை விற்பது கடினமாகும். படத்தின் குறியும் அப்படித்தான்.

செய்யும் முறை

1. கைத்தொலைபேசியில் படத்தைத் திருத்தும் இடத்தில் எழுத்துச் சேர்க்கும் வசதி இருக்கும். மூலையில் எழுத வேண்டாம், மூலையை வெட்டிவிடலாம். முகத்தை ஒட்டி, நெஞ்சுக்குக் குறுக்கே எழுதுங்கள்.

2. யாருக்கு, எதற்கு என்று எழுதுங்கள்: "பெரியம்மாவுக்கு", "சம்பந்தம் பேச மட்டும்". ஒவ்வொருவருக்கும் வேறு சொல் இருந்தால், படம் வெளியே போனால் எந்த வழியாகப் போனது என்று தெரியும். ஒரே குறியைப் பல படங்களில் அச்சுப்போல் இட்டால் கணினி அதை எளிதில் அழித்துவிடும் என்று 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் காட்டினர்.

3. மூலப்படத்தில் குறியிட வேண்டாம். பிரதி ஒன்றில் குறியிட்டு அதைச் சிறிதாக்கி அனுப்புங்கள். மூலப்படத்தை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். மீண்டும் எழும்ப வேண்டி வந்தால் என்ன செய்வது என்பதை நாம் மறக்கக் கூடாது.

4. தேசிய அடையாள அட்டை, காணி உறுதி, அனுமதிப்பத்திரம் ஆகியவற்றைப் படமெடுத்து அனுப்பும்போதும், "கடன் விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று தேதியுடன் குறுக்கே எழுதுங்கள். இலக்கங்களை மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறியால் முடியாதது

இன்றைய செயலிகள் பல குறிகளை அழிக்கவல்லவை. குறியிட்ட படத்திலிருந்தும் முகத்தை மட்டும் எடுத்து வேறு உடலில் ஒட்ட முடியும். ஆகவே, ஊரார் முன் காட்டத் தயங்கும் படத்தைக் குறியிட்டும் அனுப்ப வேண்டாம்.

ஒரு பிள்ளையின் படம் கெடுக்கப்பட்டுவிட்டால், "ஏன் படம் போட்டாய்?" என்று முதலில் கேட்காதீர்கள். குற்றம் செய்தவன் படத்தைக் கெடுத்தவனே. அந்தப் பக்கத்தையும் அதன் முகவரியையும் நேரத்தையும் படமெடுத்து வைத்து, உடனே முறையிடுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவருக்கு 1929, கணினி அவசர உதவிக்கு 101. பொலிஸ் நிலையத்துக்குப் போகும்போது பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள். தாயோ தகப்பனோ கூடப் போங்கள்.

சேலத்துப் பெண்ணுக்கு நேர்ந்ததை எந்தக் குறியும் நிச்சயமாகத் தடுத்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் உன்னை நம்புகிறோம் என்று வீட்டார் சொல்லும் சொல் எந்தப் பிள்ளைக்கும் பெரிய பலம். இன்றிரவே பிள்ளைகளுடன் அமர்ந்து கைத்தொலைபேசியைத் திறந்து, ஒரு படத்தில் குறியிட்டுப் பாருங்கள். அந்தச் சொல்லையும் அப்போதே சொல்லி வையுங்கள்.