வகுப்பறைக்குள் வராத குறைந்தபட்சக் கூலி

1948-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது, எந்தெந்தத் தொழிலுக்கு அரசு கூலி நிர்ணயிக்க வேண்டும் என்று ஓர் அட்டவணை போட்டார்கள். அரிசி ஆலை, எண்ணெய் ஆலை, கல் உடைப்பு, சாலை வேலை, பீடி, தோல் பதனிடுதல் எல்லாம் அந்த முதல் பட்டியலிலேயே இருந்தன. பீடியும் தோலும் வேலூர் வட்டாரத்துக்குச் சோறு போட்ட தொழில்கள். குடியாத்தத்தில் பீடி சுற்றியவரும் ஆம்பூர் டேனரியில் தோலுக்குச் சுண்ணாம்பு போட்டவரும் சட்டத்தின் கண்ணில் அப்போதே பட்டுவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்த டீச்சர் படவில்லை.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியை ஒட்டிய பகுதிதான் கணியம்பாடி ஒன்றியம். இந்தப் பக்கம் பல வீடுகளில் ஒரு பெண் ஷூ கம்பெனிக்குப் போகிறாள். அவள் தங்கையோ நாத்தனாரோ பி.எட். முடித்துவிட்டுப் பக்கத்து நர்சரி பள்ளிக்கோ மெட்ரிக் பள்ளிக்கோ போகிறாள். கம்பெனிக்குப் போகிறவளிடம் இ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறது, பி.எஃப். எண் இருக்கிறது, போனஸ் பேச்சு வருகிறது. பட்டதாரியிடம் ஒரு சேலை யூனிஃபார்மும், ஆண்டு விழா நினைவுப் பரிசும் இருக்கின்றன. சம்பளம் ஏறத்தாழ ஒன்றுதான். சில வீடுகளில் கம்பெனிக்காரியின் சம்பளம் கூடுதல். இதில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் ஒரு பெண்ணின் வழக்கில் போய் நிற்கும். கோவாவில் ஒரு பள்ளியில் பணியாற்றிய சுந்தராம்பாள் என்ற ஆசிரியை 1975-இல் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். இதைத் தொழில் தகராறாக எடுத்து விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். அதற்குள், 1978-இல், பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் கல்வி நிலையமும் ‘தொழில்’தான் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆகவே சுந்தராம்பாள் ஜெயித்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். 1988-இல் வந்த தீர்ப்பு வேறு மாதிரி இருந்தது. பள்ளி தொழில் நிறுவனம்தான், ஆனால் அதில் பாடம் நடத்துபவர் தொழிலாளி அல்லர். கற்பித்தல் உடலுழைப்பும் அல்ல, எழுத்தர் வேலையும் அல்ல, அது உயர்ந்த பணி என்றது. பள்ளி வேன் டிரைவரும் ஆயாம்மாவும் லேபர் கோர்ட்டுக்குப் போகலாம். டீச்சர் போக முடியாது. 1996-இல் ஹரியானாவின் அங்கீகாரமில்லாப் பள்ளிகள் தொடர்பான வழக்கில், குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் ஆசிரியருக்குப் பொருந்தாது என்று முடிந்தது. கும்பிடு போட்டபடியே கூலியை மறுப்பது நம் ஊர்ப் பழக்கம்தான். அந்தத் தடவை அதைச் சட்டமே செய்தது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பில் பழைய அட்டவணை கிடையாது; எல்லாத் தொழிலுக்கும் குறைந்தபட்ச ஊதியம் என்கிறது. ஆனால் ‘ஊழியர்’ யார் என்று விளக்கும் இடத்தில் திரும்பவும் திறன் வேலை, உடலுழைப்பு, மேற்பார்வை, நிர்வாகம், எழுத்தர் வேலை என்றுதான் பட்டியல் போகிறது. கற்பித்தல் என்ற சொல் அங்கேயும் இல்லை. இன்னொரு சுந்தராம்பாள் வழக்குப் போட்டால்தான் இது தெளியும்.

“நமக்கு லேபர் சட்டமே கிடையாது” என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வது இந்தத் தீர்ப்புகளின் எதிரொலிதான். அது பாதிதான் உண்மை. மற்ற பாதியைக் கரஸ்பாண்டென்ட் சொல்லப் போவதில்லை.

பணிக்கொடையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பள்ளிகளுக்கு மத்திய அரசு பணிக்கொடைச் சட்டத்தை 1997 ஏப்ரல் 3-இல் விரிவுபடுத்தியது. ஆசிரியர் இதிலும் வரமாட்டார் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த முறை நாடாளுமன்றம் சும்மா இருக்கவில்லை. 2009-இல் சட்டத்தைத் திருத்தி, 1997-இலிருந்தே ஆசிரியருக்கும் உண்டு என்று முன்தேதியிட்டது. தனியார் பள்ளிகள் அதையும் எதிர்த்து வழக்காடின. 2022 ஆகஸ்ட் 29-இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளின் மனுக்களைத் தள்ளி, நிலுவையை வட்டியோடு ஆறு வாரத்தில் கொடுக்கச் சொன்னது. கணக்கு எளிது: கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். மாதம் 12,000 ரூபாய் வாங்கி ஒன்பது ஆண்டு வேலை பார்த்தவருக்கு 62,307 ரூபாய் வரும். ஐந்தாண்டு தொடர்ச்சியான பணி வேண்டும். வேலையை விட்ட 30 நாளுக்குள் பள்ளி கொடுத்தாக வேண்டும், தாமதித்தால் வட்டி. கொடுக்காவிட்டால் தொழிலாளர் துறையின் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனுப் போடலாம். லேபர் கோர்ட் வாசல் சாத்தியிருந்தாலும் லேபர் ஆபீஸில் இந்த ஒரு கதவு டீச்சருக்குத் திறந்திருக்கிறது.

‘தொடர்ச்சியான பணி’ என்பதை உடைக்கத்தான் மே மாத விளையாட்டு. ஏப்ரல் கடைசியில் “லீவுக்குச் சம்பளம் கிடையாது, ஜூன்ல வந்து ஜாயின் பண்ணிக்கோங்க” என்பார்கள். அதே மே மாதத்தில் அட்மிஷனுக்கு வீடு வீடாகப் போகச் சொல்வார்கள். ஆளுக்கு இத்தனை பிள்ளை என்று டார்கெட் வேறு. கோடை விடுமுறைக்கு முன் நிறுத்திவிட்டுப் பிறகு சேர்த்துக்கொள்ளும் இந்தத் தந்திரத்தை ஹரியானா அரசே தன் தற்காலிக ஆசிரியர்களிடம் செய்தது. 1985-இல் ரத்தன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்து, விடுமுறைக் காலத்துக்கும் சம்பளம் கொடுக்கச் சொன்னது. அது அரசு ஆசிரியர்கள் வழக்கு, தனியார் பள்ளிக்கு நேரடியாகப் பொருந்தாது என்று வக்கீல் வாதாடலாம். ஆனால் மே மாதத்தில் உங்களை அட்மிஷன் வேலைக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருந்தால், பணி முறிந்தது என்று பள்ளி சொல்வது எடுபடாது. அந்தச் செய்திகளை அழிக்காதீர்கள்.

பி.எஃப். விஷயத்தில் எண் 20. டிரைவர், ஆயா, வாட்ச்மேன் எல்லாரையும் சேர்த்து இருபது பேர் இருந்தால் பள்ளி சேர வேண்டும். பத்தொன்பது பேரைக் கணக்கில் காட்டி, நர்சரியை வேறு பெயரில் நடத்துவது இங்கே தெரிந்த உத்தி. ஒரே நிர்வாகத்தின் கிளைகளை ஒரே நிறுவனமாகத்தான் சட்டம் பார்க்கும். 15,000 ரூபாய்க்குள் சம்பளம் என்றால் சேர்ப்பது கட்டாயம். உங்களிடம் 12 சதவீதம் பிடித்தால் பள்ளியும் 12 சதவீதம் போட வேண்டும். அந்த இரண்டு பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே பிடிப்பது சட்டவிரோதம். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம். அதற்குப் போலீஸில் வழக்கு உண்டு. கட்டுகிறார்களா என்று போனில் பாஸ்புக் பார்த்தாலே தெரியும். பணியிலிருக்கும்போது இறந்துவிட்டால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை காப்பீடு கிடைப்பதும் இந்தக் கணக்கு வழியாகத்தான்.

இ.எஸ்.ஐ.யைத் தமிழ்நாடு அரசு 2010-இல் கல்வி நிறுவனங்களுக்கும் நீட்டித்தது. பள்ளிகள் வழக்குக்குப் போயின. 2020-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அரசாணை செல்லும் என்றது. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் உங்கள் பங்கு 0.75 சதவீதம், பள்ளியின் பங்கு 3.25 சதவீதம். 12,000 ரூபாய்க்கு உங்களிடம் மாதம் 90 ரூபாய்தான் போகும். அதற்கு வீட்டாருக்கும் சேர்த்து மருத்துவம், பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளம். கல்யாணமானதும் “கன்சீவ் ஆனா சொல்லுங்க, வேற ஆளப் பாக்கணும்” என்று கேட்கிற பள்ளிகள் இருக்கும் ஊரில், அந்த 26 வாரம் சின்ன விஷயமில்லை.

அடுத்தது இரட்டைச் சம்பளம். பட்டியலில் ஒரு தொகைக்குக் கையெழுத்து, கையில் வேறொரு தொகை. இப்போது வங்கி வழியாகத்தான் போடுகிறார்கள் என்பதால், முழுத் தொகை கணக்கில் ஏறும். அடுத்த நாள் மிச்சத்தை ரொக்கமாக ஆபீஸில் கொடுக்க வேண்டும். பெற்றோர் இதை ஆசிரியர் பிரச்சினை என்று மட்டும் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை 2009 சட்டப்படி ஒரு குழு நிர்ணயிக்கிறது. நிர்வாகச் செலவு எவ்வளவு என்று பள்ளி காட்டும் கணக்கு அதில் ஒரு முக்கிய அளவுகோல். அந்தச் செலவில் பெரும்பகுதி சம்பளம். டீச்சருக்குக் கொடுக்காத பணம் கட்டணமாகப் பெற்றோரிடம் வசூலாகிறது என்று பொருள். கணக்கில் ஏறிய பணத்தை எடுத்த தேதிகளும் தொகைகளும் மாதாமாதம் ஒரே மாதிரி இருந்தால் வங்கி அறிக்கையே கதை சொல்லும். ஜி-பே வழியாகத் திருப்பிக் கேட்டால், சாட்சியைப் பள்ளியே உங்களுக்குத் தந்துவிட்டது.

அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படிப்புச் சான்றிதழ் அடகுப் பொருள் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் வெவ்வேறு வழக்குகளில் சொல்லியிருக்கிறது. சேரும்போதே சரிபார்த்ததும் திருப்பிக் கேளுங்கள். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஒப்புகை தர மறுப்பவர் நாளைக்குச் சான்றிதழையும் மறுப்பார். வெற்று செக்கில் கையெழுத்துப் போடவே கூடாது.

வேலையை விட்டு நிறுத்தினால் எங்கே போவது? இங்கேதான் சட்டம் மெலிந்துபோகிறது. தமிழ்நாட்டின் 1973-ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், கல்வித் துறையின் முன் அனுமதி இல்லாமல் ஆசிரியரை நீக்கக் கூடாது என்றது. அதன் இடத்தில் வந்த 2018 சட்டத்துக்கு 2023-இல்தான் விதிகள் வந்தன. முதல் வாசல் மாவட்டக் கல்வி அலுவலர். 2022 சீரமைப்புக்குப் பின் தனியார் பள்ளிகளுக்கென்றே ஒருவர் இருக்கிறார். கணியம்பாடிக்காரர் வேலூருக்குப் போக வேண்டும். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் ஆம்பூர்க்காரருக்குத் திருப்பத்தூர். 2002-இல் டி.எம்.ஏ. பை வழக்கில், ஆசிரியர்களுக்கெனத் தீர்ப்பாயம் வேண்டும், அதுவரை மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு செய்ய வழி செய்யுங்கள் என்று பதினொரு நீதிபதிகள் சொன்னார்கள். இந்தத் தகவல் நிறைய வக்கீல்களுக்கே நினைவில் இருப்பதில்லை. தனியார் பள்ளி என்றால் உயர் நீதிமன்றம் ரிட் மனுவை எளிதில் எடுக்காது என்பதால், மாவட்ட அளவில் எழுத்தில் முறையிட்டுவிட்டுத்தான் மேலே போவது நல்லது.

அரசுப் பள்ளி ஆசிரியர் சம்பளத்தைப் பற்றிய டீக்கடைப் பேச்சு தனி ராகம். “லட்சம் வாங்கிட்டு லீவு விடறாங்க” என்பவர், 2009 ஜூன் 1-க்குப் பின் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அதற்கு முந்தைய நாள் சேர்ந்தவரைவிட அடிப்படைச் சம்பளம் குறைவு என்பதை அறியமாட்டார். முந்தையவருக்கு 8,370, இவருக்கு 5,200 என்று அன்று தொடங்கிய இடைவெளிக்காகத்தான் 2018-லும் 2022-லும் 2023-லும் சென்னை டி.பி.ஐ. வளாகத்தில் குழந்தைகளோடு உட்கார்ந்தார்கள். 2012-இல் ஓவியம், தையல், கணினி, உடற்கல்விக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய்க்கு எடுத்த அரசும் அவர்களுக்கு மே மாதச் சம்பளம் தராமல்தான் இருந்தது. தனியார் கரஸ்பாண்டென்டுக்கு இதைவிட நல்ல முன்னுதாரணம் கிடைக்குமா?

என்ன புகார் என்றாலும், நீங்கள் அங்கே வேலை பார்த்தீர்கள் என்பதை முதலில் நிரூபிக்க வேண்டும். நியமன உத்தரவு கொடுக்காத பள்ளிகள் இங்கே சாதாரணம். ஆனால் அங்கீகாரம் பெற்ற பள்ளி என்றால் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஆசிரியர் விவரங்களைப் பதிந்திருக்க வேண்டும். அங்கீகாரம் புதுப்பிக்கக் கல்வி அலுவலகத்தில் கொடுத்த ஆசிரியர் பட்டியலும் இருக்கும். தகவல் உரிமைச் சட்டம் தனியார் பள்ளியை நேராகக் கேள்வி கேட்காது. கல்வி அலுவலகத்தைக் கேட்கும். அந்தப் பட்டியலின் நகலை அங்கே கேளுங்கள். கூடவே டைம்டேபிள், விடைத்தாள் பார்சல் சீட்டு, தேர்வுப் பணி ஆணை எதையும் தூக்கிப்போடாதீர்கள்.

வேலையில் இருந்துகொண்டே எப்படிப் புகார் கொடுப்பது என்ற பயம் நியாயமானது. பி.எஃப். புகாரை வேலூர் மண்டல அலுவலகத்தில் சகாக்கள் சேர்ந்தோ, வேலையை விட்டுப்போன ஒருவர் மட்டுமோ கொடுக்கலாம், இணையத்திலும் பதியலாம். ஒருவர் கொடுத்தாலும் விசாரணை அதிகாரி மொத்த வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பட்டியலையும் கேட்பார் என்பதால், உள்ளே இருப்பவர்களின் பெயரும் தானாகவே கணக்குக்கு வரும். ஒரு எச்சரிக்கை: புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இப்படிப்பட்ட விசாரணையைத் தொடங்க ஐந்தாண்டு வரம்பு போட்டிருக்கிறார்கள். ரிட்டயர் ஆகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், முதல் வருடங்களின் பணம் கேட்க முடியாத பணமாகிவிடும்.