இலங்கையின் மனநலக் கொள்கை: அங்கொடையிலிருந்து மாவட்டங்களுக்கு

ஏழை நாடுகளின் மனநலக் கொள்கையை எடைபோட, பணம் எங்கே போகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட மனநல அறிக்கைப்படி, நாடுகள் தங்கள் சுகாதார நிதியில் சராசரியாக 2 சதவீதத்தையே மனநலத்துக்கு ஒதுக்குகின்றன. நடுத்தர வருமான நாடுகளில் அந்தச் சிறு தொகையிலும் 70 சதவீதத்துக்கு மேல் பெரிய மனநோய் மருத்துவமனைகளே விழுங்கிவிடுகின்றன. உலக மக்களில் பாதிப் பேர், 2 லட்சம் பேருக்கோ அதற்கும் அதிகமானோருக்கோ ஒரே ஒரு மனநல மருத்துவர் உள்ள நாடுகளில் வாழ்கிறார்கள். இந்த நெருக்கடிக்குள்ளேயே நின்று கொள்கையை மாற்றிக்காட்டிய நாடுகளில் இலங்கை முக்கியமானது.

2004 வரை அங்கே மனநோய்க்குச் சிகிச்சை என்றால் பெரும்பாலும் கொழும்பை அடுத்த அங்கொடை, முல்லேரியா மருத்துவமனைகள்தாம். சட்டமோ 1873இல் ஆங்கிலேயர் இயற்றியது. மட்டக்களப்பின் ஒரு கிராமத்தில் இளைஞன் ஒருவனுக்கு மனச்சிதைவு கண்டால், போர்க்காலச் சோதனைச் சாவடிகளைக் கடந்து அவனை நாட்டின் மறுகரைக்குக் கொண்டுபோக வேண்டும். விடுதியில் பேசும் மொழி அவனுக்குப் புரியாது. சில வாரங்களில் தெளிந்து, மாத்திரைகளோடு ஊர் திரும்புவான். மாத்திரை தீர்ந்தால் வாங்க அருகில் இடமில்லை. நோய் மறுபடி தலைதூக்கும், மறுபடி அங்கொடை. இப்படி இரண்டு மூன்று முறை ஆனதும் கூட்டிப்போன குடும்பமே ஓய்ந்துவிடும். ‘மனநோய் தீராது’ என்று ஊர் பேசியதற்கு நோய் மட்டும் காரணமில்லை. மருந்து தொடர்ந்து கிடைக்காததும் காரணம்.

வடக்கும் கிழக்கும் வெறும் கையோடு நின்றன என்பதும் சரியல்ல. யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் நடுவிலேயே சிகிச்சையும் ஆய்வும் செய்துவந்தார். போர் மனதில் விட்ட காயங்களைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1998இல் வெளிவந்தது. ஆசிரியர்கள், கிராம அலுவலர்கள், ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் ஆகியோருக்கு உளவளத்துணையின் அடிப்படைகளைக் கற்றுக்கொடுக்கும் வழக்கம் அந்தப் பகுதிகளில் முன்பே வேரூன்றியிருந்தது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு உலகின் கவனமும் பணமும் அந்தக் கரைகளுக்கு வந்தன. இத்தகைய நேரங்களில் வெளிநாட்டுக் குழுக்கள் வந்து, சில வாரம் ஆறுதல் சொல்லிவிட்டுப் போவதே வழக்கம். இலங்கை அரசு அடுத்த ஆண்டே வேறொரு வேலையையும் செய்தது: 2005இல் தேசிய மனநலக் கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. மாவட்டந்தோறும் பொது மருத்துவமனைக்குள் மனநல விடுதி, நோயாளி வாழும் ஊரிலேயே தொடர் கவனிப்பு, அங்கொடையை மட்டும் நம்பியிருக்கும் நிலைக்கு முடிவு என்பவை அதன் சாரம்.

இதற்கெல்லாம் மனநல மருத்துவர்கள் வேண்டுமே? நிபுணர் ஒருவரை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். உருவானவர்களிலும் பலர் வெளிநாடு போய்விடுவார்கள். அதனால் எம்.பி.பி.எஸ். முடித்த சாதாரண மருத்துவர்களுக்குச் சில மாதப் பயிற்சி தந்து, ‘மனநல மருத்துவ அலுவலர்’ என்ற பதவியில் மாவட்டங்களுக்கு அனுப்பினார்கள். மற்ற மருத்துவர்களுக்கு மனநலத்தில் பட்டயப் படிப்பும் தொடங்கப்பட்டது. இவர்கள் நடத்தும் மாதாந்திரக் கிளினிக்கின் உயிர்நாடி விலை மலிவான ஒரு நீள்செயல் ஊசி. மனச்சிதைவு நோயாளிக்கு அதை மாதம் ஒருமுறை போட்டால் போதும், தினசரி மாத்திரையை நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. ஊசி நாளில் யார் வரவில்லை என்பதைப் பதிவேடு உடனே காட்டிக்கொடுக்கும். விசாரிக்க வீட்டுக்கு ஆள் போகலாம். மருந்தும் பதிவேடும் வீட்டுக்குப் போகும் ஆளும் சேர்ந்தால்தான் சிகிச்சை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் நோயாளி பழைய நிலைக்கே திரும்பிவிடுவார்.

ஆழிப்பேரலைக்கு முன் 27 சுகாதார மாவட்டங்களில் 10இல் மட்டுமே மனநல சேவைக் கட்டமைப்பு இருந்தது. பத்தாண்டுக்குள் அது 20 ஆனது.

ஆனால் இலங்கையில் மிக அதிகமான உயிர்களைக் காத்த மனநல நடவடிக்கை சுகாதாரத் துறையிலிருந்து வரவில்லை, வேளாண் துறையிலிருந்து வந்தது. 1995இல் அந்த நாட்டின் தற்கொலை விகிதம் லட்சம் பேருக்கு 47. உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. பெரும்பான்மை மரணங்களுக்குப் பின்னால் பூச்சிக்கொல்லிகள் இருந்தன. கோபத்திலோ தாளாத வேதனையிலோ நிமிட நேரத்தில் எடுத்த முடிவு, எதிரே இருந்த மருந்தின் வீரியத்தால் மீள முடியாததாகிவிட்டது. 1980ஆம் ஆண்டுச் சட்டம் பூச்சிக்கொல்லிப் பதிவாளருக்கு அனுமதியை மறுக்கும் அதிகாரத்தைத் தந்திருந்தது. அதைக் கொண்டு 1984 முதல் கொடிய நச்சு வகைகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. 1995இலும் 1998இலும் முக்கியமான தடைகள் வந்தன. 2005க்குள் தற்கொலை விகிதம் ஏறக்குறையப் பாதியானது, பிறகும் இறங்கியது. இருபது ஆண்டுகளில் சுமார் 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அதற்கு அரசுக்கு ஆன நேரடிச் செலவு உயிருக்கு 50 டாலருக்கும் குறைவு.

விளைச்சல் விழுந்துவிடும் என்ற அச்சமும் பொய்த்தது. உயிரை எளிதில் பறிக்கும் சில மருந்துகளை மட்டும் விலக்கி, அவற்றின் இடத்தில் நச்சு குறைந்தவற்றை அனுமதித்ததே காரணம். 2021இல் வேளாண் வேதிப்பொருள்களின் இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி விவசாயிகளைத் தவிக்கவிட்ட முடிவோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1998இல் தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப்பிரிவும் நீக்கப்பட்டது. பிழைத்தவரைக் காவல் நிலையத்துக்குப் பயப்படாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவர முடிந்தது. இந்தியா அந்த நிலைக்கு வர 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இலங்கையில் குறைகளும் கண்கூடு. 1873ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றப் புதிய வரைவுகள் எழுதப்பட்டும் அவை ஆண்டுக்கணக்கில் நிறைவேறாமல் கிடந்தன. கட்டாய அனுமதி, நோயாளியின் சம்மதம் பற்றிய விதிகள் சிகிச்சை முறைக்கு வெகு பின்னால் நின்றன. மாவட்டங்களுக்கிடையே ஏற்றத்தாழ்வும் நீடித்தது. வெளிநாட்டு நிதி வந்த கரையோரத்துக்குக் கிடைத்தது உள்நாட்டு மாவட்டங்களுக்கு அதே வேகத்தில் கிடைக்கவில்லை. 2022 பொருளாதாரச் சரிவில் மருந்துத் தட்டுப்பாடு வந்தது, மருத்துவர்கள் நூற்றுக்கணக்கில் நாட்டை விட்டு வெளியேறினார்கள். மாத ஊசியை நம்பி நடக்கும் அமைப்புக்கு ஒரு மாதம் ஊசி வராததே பேரிடர். அதனால் அடுத்த கட்டக் கொள்கையில் அவசர மருந்துக் கையிருப்புக்கும், கிராமத்தில் வேலை செய்யும் துணைப் பணியாளருக்கு நிரந்தரச் சம்பளத்துக்கும் உள்நாட்டு நிதியிலேயே இடம் வேண்டும்.

உதவி தேவைப்படுவோருக்கு இலங்கையில் 1926 என்ற எண்ணில் தேசிய மனநல நிறுவனமும், இந்தியாவில் 14416 என்ற எண்ணில் டெலி மானஸும் செயல்படுகின்றன.