பைப்பில் புழுவா? பயப்படுமுன் பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாள். ஜாசின் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா ஜாம் போத்தலோடு என் வீட்டுக்கு வந்தார். போத்தலின் அடியில் கொஞ்சம் தண்ணீர். அதில் கறுப்பாக நாலைந்து புழுக்கள் நெளிந்தன.

"ஐயா, இது பைப்பில வந்த புழு. சின்னவளுக்கு ஒரு வாரமா வயித்து வலி. இந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் வயித்தில பூச்சி வளர்ந்திருக்கு" என்றார்.

"எங்கேம்மா பிடிச்சீங்க?"

"குளியலறை மூலையில, தண்ணி போற ஓட்டைக்குப் பக்கத்தில."

"பைப்பிலேருந்து விழுந்ததை யாராச்சும் பார்த்தீங்களா?"

அவர் யோசித்தார். "பார்க்கலை ஐயா" என்றார்.

தாய்மார்களே, தோழர்களே! முதல் பாடமே இதுதான். புழு என்ன என்று கேட்பதற்கு முன், எங்கே கிடந்தது என்று கேளுங்கள். நல்ல தண்ணீர் வீட்டுக்குள் வரும் வழி வேறு. அழுக்குத் தண்ணீர் வெளியே போகும் வழி வேறு.

சந்தேகமாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். இரவில் படுக்கப் போகுமுன் பைப்பு வாயில் சுத்தமான வெள்ளைத் துணியைக் கட்டுங்கள். காலையில் அந்தத் துணி வழியாகவே இரண்டு வாளி தண்ணீர் பிடியுங்கள். துணியில் புழு தங்கினால், அது பைப்பிலிருந்தோ மேல் தொட்டியிலிருந்தோ வருகிறது. துணி சுத்தமாக இருந்து, தரையில் மட்டும் புழு இருந்தால், அது சாக்கடை ஓட்டையிலிருந்து ஏறி வந்தது.

புழுவை அடையாளம் காண்பது எப்படி?

*கறுப்பு, சாம்பல் நிறப் புழு.* ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருக்காது. தண்ணீர் போகும் ஓட்டைக்குள் படிந்த வழுவழுப்பான அழுக்கைத் தின்று வளரும். குளியலறைச் சுவரில் சிறகை விரித்தபடி ஒரு குட்டிப் பூச்சி உட்கார்ந்திருக்குமே, நசுக்கினால் சாம்பல் பொடி ஒட்டுமே, அதனுடைய பிள்ளைதான் இது. இது கடிக்காது. மருந்தை மட்டும் ஊற்றினால் போகவே போகாது. ஓட்டையின் மூடியைக் கழற்றி, பிரஷ் போட்டு உள் அழுக்கைத் தேய்த்து எடுக்க வேண்டும். அந்த அம்மா கொண்டு வந்தது இந்தப் புழுதான்.

*சிவப்புப் புழு.* மூடியில்லாத தொட்டியின் அடிச் சேற்றில் இருக்கும். நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் அதே வகைப் பொருள் இதன் உடம்பிலும் இருப்பதால்தான் இந்த நிறம். வளர்ந்தால் கொசு மாதிரி இருக்கும், ஆனால் கடிக்காது. நோய் தராது என்றாலும், இது வந்தால் தொட்டி திறந்து கிடக்கிறது, அடியில் சேறு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். தொட்டியைக் கழுவி மூட வேண்டும்.

*மண்புழு.* உடம்பெல்லாம் வளையம் வளையமாக இருக்கும். மழைக்குப் பிறகு தரை வெடிப்பு வழியாக வரும். எடுத்து மண்ணில் விடுங்கள்.

*கொசுப் புழு.* தொட்டித் தண்ணீரின் மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கும். நிழல் பட்டாலோ தொட்டியைத் தட்டினாலோ துள்ளித் துள்ளி அடிக்குப் போகும். இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

வயிற்றுப் பூச்சி வேறு

பைப்பில் கண்ட புழு வயிற்றில் போய் வளராது. வயிற்றுப் புழு வருவதற்கு வேறு வழி இருக்கிறது. உருண்டைப் புழுவின் முட்டை, மலம் கலந்த மண்ணில் சில வாரம் கிடந்து முற்றி, கழுவாத கை வழியாகவும் கழுவாத கீரை வழியாகவும் வாய்க்குள் போகிறது. கொக்கிப் புழு, செருப்பில்லாத கால் வழியாக ஏறி ரத்தத்தை உறிஞ்சுகிறது. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் இது தோட்டங்களில் பெரிய பிணி. 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் அறநிறுவனம் அனுப்பிய மருத்துவக் குழு மலாயாவுக்கே வந்து இதை ஆராய்ந்தது.

கக்கூசில் சாண் நீளத்தில், வளையமே இல்லாமல், வெளிர் நிறத்தில் உருண்டையான புழு கிடந்தால், அது பைப்பில் வந்ததல்ல. வீட்டில் யாரோ ஒருவர் வயிற்றிலிருந்து வந்தது. மறைக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, மாத்திரையில் தீரும்.

குடிதண்ணீராலேயே உடம்பில் வளர்ந்த புழுவும் ஒன்று இருந்தது. ஊரில் அதற்கு நரம்புச் சிலந்தி என்று பெயர். படிக்கிணற்றுத் தண்ணீரில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சிறு பூச்சி இருக்கும். அந்தப் பூச்சியை விழுங்கினால், அதற்குள் இருந்த குஞ்சு ஓராண்டு வளர்ந்து, ஒரு மீட்டர் நீளப் புழுவாகக் காலைத் துளைத்துக்கொண்டு வரும். தண்ணீரைத் துணியில் வடிகட்டியும், கிணறுகளைத் திருத்தியும் அதை ஒழித்தார்கள். இந்தியாவின் கடைசி நோயாளி 1996ல்; 2000ல் உலகச் சுகாதார நிறுவனம் அந்த நாட்டுக்குச் சான்று கொடுத்தது. மலாக்கா பைப்பில் நெளிவது அந்தப் புழு அல்ல.

பயப்பட வேண்டிய புழு எது?

அந்த அம்மாவோடு வீட்டுக்குப் போனேன். குளியலறையில் சிமெண்டுத் தொட்டி நிறையத் தண்ணீர். கையால் தட்டினேன். பத்து இருபது புழுக்கள் துள்ளி அடிக்குப் போயின.

"இதை ஏம்மா போத்தல்ல கொண்டு வரலை?"

"அது கொசுப் புழுதானே ஐயா, எப்பவும் இருக்கிறதுதானே!"

அங்கேதான் ஆபத்து! டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைவிட இப்படிப்பட்ட தெளிந்த தண்ணீரைத்தான் தேடி வரும். ஏழு முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். அந்த முட்டையோ தொட்டிச் சுவரில் காய்ந்தபடி பல மாதம் உயிரோடு இருக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒரு முறை சுவரையும் தேய்க்க வேண்டும். 1991ல் டுரியான் துங்கால் அணை வற்றி, மலாக்காவே தண்ணீருக்குத் தவித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் சேர்த்து வைப்பது நல்ல பழக்கம்தான். மூடி போட்டு வையுங்கள். மூட முடியாத தொட்டிக்கு ஏபேட் மருந்தைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் போடுங்கள். கொசு வளர இடம் கொடுப்பது 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

உரிமையையும் மறக்காதீர்கள்

துணியில் புழு தங்கினால், உங்கள் வீட்டுப் பைப்பில் மட்டும்தானா, லயம் முழுவதுமா என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். லயம் முழுவதும் என்றால் பெரிய தொட்டியைப் பார்க்க வேண்டும். அது நிர்வாகத்தின் வேலை. தோட்ட வீடுகளுக்கு இலவசமாகவும் போதுமான அளவிலும் பைப்புத் தண்ணீர் தர வேண்டும் என்று 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் சொல்கிறது. புகாரை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். ஒரு நகலைக் கிளைச் செயலாளரிடமும் கொடுங்கள். புழுவையும் போத்தலில் போட்டுக் காட்டுங்கள். தண்ணீர் சரியாகும்வரை கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

அந்தச் சின்னவளைக் கிளினிக்கில் மலப் பரிசோதனை செய்தார்கள். உருண்டைப் புழு இருந்தது. மாத்திரை கொடுத்தார்கள், வலி நின்றது. அம்மா தொட்டியைத் தேய்த்து, பலகை போட்டு மூடிவிட்டார். பிள்ளைக்குச் செருப்பும் வாங்கிக் கொடுத்து, சாப்பாட்டுக்கு முன் சவுக்காரம் போட்டுக் கை கழுவவும் பழக்கிவிட்டார். போத்தலை மட்டும் என்னிடமே விட்டுப் போனார்: "அடுத்தவங்களுக்குக் காட்ட ஆகும் ஐயா!"