பாதி வண்டி, பாதி வீடு

சுள்ளிக்கல்லில் எங்கள் சந்துக்குள் பெரிய வண்டி எது நுழைந்தாலும் தெருவே வாசலுக்கு வந்துவிடும். 2025 பங்குனி மாதத் தொடக்கத்தில் என் அண்ணன் மகன் ஒரு வேனை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியபோதும் அப்படித்தான் ஆயிற்று. பன்னிரண்டு பேர் உட்காரும் பழைய வேன் அது. இருக்கைகளைக் கழற்றிவிட்டு, இரண்டு படுக்கை, ஒரு சின்ன அடுப்படி, ஒரு கழிவறை, கூரையில் ஏ.சி. என்று வீடாக மாற்றியிருந்தார்கள். "சினிமா கேரவன்!" என்று பிள்ளைகள் கூவிக்கொண்டு ஏறி இறங்கினார்கள்.

அவன் அதை ஆடம்பரத்துக்காக வாங்கவில்லை. எங்கள் குலதெய்வம் தென்காசிப் பக்கத்துச் சாஸ்தா. பங்குனி உத்திரத்தன்று அங்கே போய்ப் பொங்கலிட்டு, இரவு தங்கி வருவது எங்கள் வழக்கம். ஆனால் பூர்வீக வீட்டை விற்று இருபது வருடமாகிறது. என் அண்ணிக்கு 78 வயது, முழங்கால் மடங்காது, லாட்ஜ் மாடிப்படி ஏற முடியாது. "ஊருக்குப் போனால் உட்கார ஒரு திண்ணை இல்லையே" என்று சொல்லிச் சொல்லியே நாலு வருடம் பயணம் தள்ளிப்போயிற்று. இதைப் படிக்கும் அன்பர்கள் பலர் வீட்டிலும் இதே கதைதான் இருக்கும். ஊரில் வீடில்லாதவன் வீட்டையே ஊருக்கு ஓட்டிக்கொண்டு போகலாம் என்று அவன் நினைத்ததில் தவறில்லை.

"சித்தப்பா, நீங்கள் ரயில் பெட்டி பார்த்தவர். ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்" என்றான்.

ரயில் பெட்டியும் சக்கரம் வைத்த வீடுதானே! படுக்கை, தண்ணீர், விளக்கு, கழிவறை எல்லாம் உண்டு. ஒரு ரேக் பயணம் முடித்து வந்தால் அதைப் பிட் லைனில் நிறுத்தி, அடியிலும் உள்ளேயும் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அடுத்த பயணத்துக்கு அனுப்புவோம். இந்த வேனுக்கு அப்படி யார் கையெழுத்திடுவார்கள்? என்ஜினையும் பிரேக்கையும் மெக்கானிக் பார்ப்பார். கட்டிலையும் அலமாரியையும் தச்சர் பார்ப்பார். வண்டியும் வீடும் சேருகிற இடத்தை மட்டும் ஒருவரும் பார்ப்பதில்லை. ஆபத்து குடியிருப்பது அங்கேதான்.

கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி

கோழிக்கோடு மாவட்டத்து வடகரையில், கரிம்பனப்பாலம் என்ற இடத்தில், நெடுஞ்சாலை ஓரம் நின்றிருந்த ஒரு கேரவனில் இருவர் இறந்து கிடந்தது 2024 டிசம்பர் 23-ஆம் தேதி தெரியவந்தது. அடிதடி இல்லை, தீ இல்லை. பிரேதப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு என்று தெரிந்தது. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அந்த வண்டியைச் சோதித்துப் பார்த்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வெளிவந்த அந்த வாயு, தளத்திலிருந்த ஒரு துளை வழியாக உள்ளே புகுந்திருந்தது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இதைப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே நினைவிழப்பார். எழுந்து கதவைத் திறக்க அவகாசம் கிடைக்காது.

இந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொண்டுதான் எங்கள் வேனுக்கடியில் பாய் விரித்துப் படுத்தேன். பின்பக்க டிக்கியில் ஒரு சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர். அதிலிருந்து ஒயர் உள்ளே போவதற்குத் தளத்தில் ஒரு துளை. துளை இரண்டு விரல் அகலம், ஒயரோ சுண்டுவிரல் பருமன். மேலே உள்ளே போய்ப் பார்த்தால், அந்தத் துளை திறப்பது அண்ணி படுக்கவேண்டிய கட்டிலுக்கு அடியில்! ஒயர் இழுத்த பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவனுக்கு அது ஒயர் போகும் வழி, அவ்வளவே.

அன்றே மூன்று காரியம் செய்தோம். ஒயருக்கு ரப்பர் வளையம் போட்டு, துளையைத் தீப்பிடிக்காத சீலன்ட்டால் அடைத்தோம். ஜெனரேட்டரை டிக்கியிலிருந்தே இறக்கிவிட்டோம். படுக்கையருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை மாட்டினோம். அண்ணன் மகன் தயங்கினான். "பங்குனி வெயிலில் ஏ.சி. இல்லாமல் அம்மா எப்படித் தூங்குவாள்?" என்றான். "வியர்த்தால் விசிறிக்கொள்ளலாம்" என்றேன்.

கேரவன் வைத்திருக்கும் அன்பர்களும், வாடகைக்கு எடுக்கும் அன்பர்களும் ஒரு விதியை மறக்கலாகாது. ஆள் தூங்கும்போது ஜெனரேட்டர் ஓடக்கூடாது. என்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுக்கொண்டும் தூங்கக்கூடாது. துளையை அடைத்தாலும் இந்த விதி மாறாது. கதவிடுக்கிலும் காற்று நுழையும். கரியடுப்பை உள்ளே வைப்பதும் இதே கணக்குத்தான். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத் தலைவலி, குமட்டல், மயக்கம் என்றால் சாப்பாட்டைச் சந்தேகிக்காதீர்கள். முதலில் எல்லோரும் வெளியே காற்றுக்கு வாருங்கள். தெளிந்துவிட்டது போலத் தோன்றினாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

அடுப்படி

2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலைய யார்டில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து ஒன்பது பேர் மாண்டதை நீங்கள் படித்திருப்பீர்கள். விதிக்கு மாறாகப் பெட்டிக்குள் கொண்டுவந்திருந்த சமையல் வாயு சிலிண்டர்தான் காரணம். லக்னோவிலிருந்து தென்னாட்டுக் கோயில்களைத் தரிசிக்க வந்தவர்கள் அவர்கள். ரயிலில் வேலை பார்த்தவனுக்கு அந்தச் செய்தி நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் போலத் தரையில் தேங்கும். ஆகையால் மேல் ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்பது தப்புக் கணக்கு. சிலிண்டர் இருக்கும் அறை உட்பக்கம் முழுவதும் அடைபட்டு, வெளிப்பக்கம் அடிமட்டத்தில் காற்றுத்துவாரம் உள்ளதாக இருக்க வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். வார் போட்டுக் கட்ட வேண்டும். ஓடும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். வீட்டில் அசையாமல் இருக்கும் ஹோஸ் வண்டியில் நாள் முழுவதும் அதிர்கிறது என்பதால், ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஹோஸில் அச்சிட்ட காலம் முடிந்தால் தயங்காமல் மாற்றுங்கள். வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், கதவைத் திறந்து ஆட்களை இறக்கி, சிலிண்டரை மூடுங்கள். தீயணைப்பான் கதவருகே இருக்கட்டும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால், தீப்பிடித்தபோது அதை எடுக்கவே முடியாது.

பேட்டரி என்னும் பணப்பை

"லைட் எரியவில்லை, பேட்டரி சரியில்லை" என்று சொல்பவர்களில் பலர் வரவுக்கு மேல் செலவு செய்தவர்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இருப்பது 1,200 வாட்-அவர். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 600. இரண்டு மின்விசிறிக்கு 30 வாட், நாலு எல்.இ.டி. விளக்குக்கு 20 வாட் என்று 50 வாட் எரித்தால் 12 மணி நேரம் வரும். ஓர் இரவுக்குத் தாராளம். அதே பேட்டரியில் இன்வெர்ட்டர் வழியாக 1,500 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை வைத்தால் 125 ஆம்பியர் இழுக்கும். 24 நிமிடத்தில் அந்த 600 காலி. ஒயரும் சூடேறும். அடுப்பு வேறு, விளக்கு வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

என்ஜின் ஸ்டார்ட் செய்யும் பேட்டரியும் வீட்டுப் பேட்டரியும் தனித்தனியாக இருப்பது அவசியம். இல்லாவிட்டால் இரவு முழுவதும் விசிறி ஓடிய வண்டி காலையில் 'டிக்' என்று மட்டும் சொல்லும். அப்படிச் சொன்னால் பதறாமல் முதலில் டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், கழற்றி வெந்நீரில் கழுவித் துடைத்து, இறுக்கி, வாசலின் தடவுங்கள். பாதிக் கோளாறு அதோடு தீரும். ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. வீட்டுப் பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒயரில், பேட்டரிக்கு அருகிலேயே பியூஸ் இருக்கட்டும். பியூஸ் போனால் கம்பியைச் சுற்றி ஒப்பேற்றாதீர்கள்.

தண்ணீர், மழை, உப்பு

நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. அரைத் தொட்டித் தண்ணீர் வளைவில் புரண்டு வண்டியை இழுக்கும். தூரப் பயணத்தில் தேவையானதை மட்டும் ஏற்றி, போகுமிடத்தில் நிரப்பிக்கொள்வது நல்லது. பம்ப் நிற்காமல் ஓடினால் எங்கோ குழாய் ஒழுகுகிறது அல்லது தொட்டி காலி. தண்ணீரில்லாமல் பம்பை ஓடவிட்டால் கெட்டுவிடும்.

நம் ஊருக்கென்று இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று இடவப்பாதி மழை. ஏ.சி.க்கும் காற்றாடிக்கும் கூரையில் வெட்டிய இடங்களில் மழைக்கு முன்பே ஹோஸால் தண்ணீர் அடித்துப் பாருங்கள். ஒழுகும் இடம் ஒன்று, சொட்டும் இடம் வேறொன்று; எனவே சொட்டும் இடத்துக்கு மேலேயும் முன்னேயும் தேடுங்கள். மற்றொன்று உப்புக் காற்று. கடற்கரைப் பக்கம் நிறுத்திய வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் பிரேக் குழாய்களும் துருப்பிடிக்கும்.

சாலை

டயரில் பட்டன் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. கேரவன் பெரும்பாலும் நின்றே கிடப்பதால் டயர் தேய்வதில்லை. ஆனால் வெடிப்பு விடும். ஐந்தாறு வருடமானால் மாற்றிவிடுவது உத்தமம். கிளம்பி 50 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, நாலு சக்கரத்தின் அருகேயும் புறங்கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் கொதித்தால், அங்கே பிரேக் பிடித்திருக்கிறது அல்லது பேரிங் போகிறது. நாங்கள் பெட்டியின் ஆக்சில் பாக்ஸைச் சோதித்த அதே முறைதான்.

எங்கள் வழி ஆலப்புழை, கொல்லம், புனலூர், ஆரியங்காவு. கழுதுருட்டியில் பதிமூன்று கண் ரயில் பாலத்தைப் பார்த்ததும் நான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். பாலத்தைப் பார்க்க ஒரு காரணம். முன்னே வரும் மலை இறக்கத்துக்கு முன் பிரேக்கை ஆறவிட இன்னொரு காரணம். ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்படுமோ, அதே கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்களின் பாடம். வீட்டுச் சாமான் ஏற்றிய வேன் முன்பிருந்ததைவிடப் பல நூறு கிலோ கூடுதல் கனம். பிரேக் மட்டும் பழையதுதான். புளியரை எஸ் வளைவில் இரண்டாவது கியரிலேயே இறங்கினோம். கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். காய்ந்த டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். சக்கரத்துக்குக் கல் வைத்தால் கிளம்பும்போது அதை எடுத்து ஓரம் போடுங்கள். இருட்டில் பின்னால் வரும் பைக்காரருக்கு அது எமன். மலைச்சாலை பழக்கமில்லாதவர்கள் முதல் பயணத்துக்குப் பாலக்காட்டு வழியைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒரு வார்த்தை காகிதங்களைப் பற்றி. வண்டியின் அமைப்பை மாற்றினால் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிய வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். இல்லையேல் விபத்து நேர்ந்தால் நஷ்ட ஈடு கிடைப்பது கஷ்டம். இரவு தங்க வெளிச்சமுள்ள, ஆள் நடமாட்டமுள்ள இடமாகப் பாருங்கள். 2021-இல் அறிவிக்கப்பட்ட கேரவன் சுற்றுலாக் கொள்கையின் கீழ் 2022-இல் வாகமண்ணில் கேரவன் பார்க் வந்தது. இப்படிப்பட்ட பார்க்குகளில் மின்சாரம், தண்ணீர் கிடைப்பதால் ஜெனரேட்டர் தேவைப்படாது. கழிவுத் தொட்டியைச் சாலையோரத்திலும் கோயில் குளத்தருகிலும் திறந்துவிடாதீர்கள். நாம் விட்டுவந்த ஊர் என்றாலும் அது நம் ஊர்தான்.

பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயில் தோப்பில் பனைமரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். பொங்கலை வெளியில்தான் வைத்தோம், மூன்று கல் கூட்டி. இரவு இருபக்க ஜன்னலிலும் கொசுவலை அடித்து, சின்ன விசிறி இரண்டை ஓடவிட்டோம். எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. இரண்டு முறை எழுந்து அலாரத்தின் பச்சை விளக்கைப் பார்த்தேன். அண்ணி மட்டும் விடியும்வரை நன்றாகத் தூங்கினார்கள்.

காலையில் கேட்டேன். "வியர்த்துக் கொட்டிற்று தம்பி," என்றார்கள், "ஆனால் நம்ம ஊர்க் காத்து."

அந்தக் காற்று உள்ளே வர ஜன்னலைத் திறந்துவையுங்கள், அன்பர்களே. அடுத்த பயணத்துக்கு முன் ஒரு தடவை வண்டிக்கடியில் பாய் விரித்துப் படுத்துப் பாருங்கள்.