'அவன் அப்படித்தான்' என்பது பாதி உண்மை

போன மாதம் பையனின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். "கூச்ச சுபாவம் சார். வாயே திறக்க மாட்டேங்கிறான்" என்றார் ஆசிரியை. எனக்கு ஆச்சரியம். காட்டுப்பாக்கத்தில் எங்கள் தெருமுனைக் காலி மனையில் கிரிக்கெட் ஆடும்போது, "அவுட்டு!" என்று அவன் கத்துவது எங்கள் மாடி வரை கேட்கும். இரண்டில் எது அவனுடைய ஆளுமை?

பேச்சு வழக்கில் 'பர்சனாலிட்டி' என்றால் ஆள் எடுப்பாக இருப்பது. உளவியலில் அது வேறு. ஒருவர் எண்ணுவதிலும் உணர்வதிலும் நடந்துகொள்வதிலும் நெடுநாள் தொடர்கிற, அவருக்கே உரிய பாங்குதான் ஆளுமை.

அதை எப்படி அளப்பது? 1936ல் ஆல்போர்ட், ஆட்பெர்ட் என்ற இருவர் ஆங்கில அகராதியைப் புரட்டி, மனிதர்களை விவரிக்கும் ஏறத்தாழ 18,000 சொற்களைத் திரட்டினார்கள். நம்மிடமும் கஞ்சன், முன்கோபி, வாயாடி, வெகுளி, அமுக்குணி என்று பட்டியல் நீளும்தானே! பின்னால் வந்தவர்கள் இத்தகைய சொற்களைச் சலித்து ஐந்து பண்புகளில் நின்றார்கள்: கலகலப்பு, இணக்கம், பொறுப்புணர்வு, மனப்பதற்றம், புதியதில் நாட்டம். இவை ஆட்களை அடைக்கும் பெட்டிகள் அல்ல. உயரம் மாதிரி, எல்லோரிடமும் கூடக்குறைய இருப்பவை. ஆளுக்கு ஆள் இவற்றில் உள்ள வேறுபாட்டில் சுமார் 40 முதல் 50 சதவீதம் மரபணு சார்ந்தது என்கின்றன இரட்டையர் ஆய்வுகள்.

1968ல் வால்டர் மிஷெல் ஒரு குண்டைப் போட்டார். குணத்தைச் சோதனையில் அளந்து, குறிப்பிட்ட ஒரு சூழலில் அந்த ஆள் நடந்துகொள்வதோடு ஒப்பிட்டால், பொருத்தம் பெரும்பாலும் 0.3ஐத் தாண்டுவதில்லை என்றார். முழுப் பொருத்தம் என்றால் 1. அதற்காகக் குணமே பொய் என்று ஆகிவிடாது. பல நாள் நடத்தையைச் சேர்த்துப் பார்த்தால் அது நன்றாகவே தெரிகிறது. ஒரு நாளை, ஓர் இடத்தை வைத்து முடிவு கட்டினால்தான் தப்பாகிறது.

பிறகு மிஷெலும் ஷோடாவும் ஒரு கோடை முகாமில் சிறுவர்களைக் கூர்ந்து கவனித்தார்கள். 1994ல் அது வெளியானது. ஒருவன் சக பையன்கள் சீண்டினால் அடிக்கிறான், பெரியவர் கண்டித்தால் அடங்கிவிடுகிறான். இன்னொருவன் நேர்மாறு. சராசரி எடுத்தால் இருவரும் ஒரே அளவு 'முரடர்கள்'. ஆனால் 'இப்படி நடந்தால் இப்படிச் செய்வான்' என்ற கோலம் ஆளுக்கு ஆள் வேறு, அது மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் கோலமும் ஆளுமைதான் என்றார்கள்.

இதை ஏன் தேடிப் படித்தேன் என்றால், கூட்டம் முடிந்த அன்று இரவு பையன் சொன்னான்: "பேச்சுப் போட்டிக்குப் பேர் குடுக்கலப்பா. நான்தான் கூச்ச சுபாவமாச்சே." ஆசிரியை சொன்னதை அவன் பக்கத்திலேயே நின்று கேட்டிருக்கிறான்.

நேற்று கேட்டேன்: "எப்போ கூச்சம் வருது, யார்கிட்ட?" கொஞ்ச நேரம் யோசித்தான். "திடீர்னு எழுப்பி இங்கிலீஷ்ல கேட்டாதான்."

சுபாவத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. இங்கிலீஷுக்கு ஏதாவது செய்யலாம். தமிழ்ப் பேச்சுப் போட்டிக்குப் பேர் கொடுக்க வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறதாம்.