மூளை நாடி வெடித்தபின்

மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடியொன்றின் சுவர் ஓரிடத்தில் நலிந்து, சிறு கொப்புளம்போற் புடைத்து நிற்பதுண்டு. வைத்தியர்கள் இதனை அனியூரிசம் என்பர். பெரும்பாலானவை ஆயுள் முழுவதும் வெடிப்பதில்லை. வெடித்துவிட்டாலோ, முன்னொருபோதும் கண்டிராத தலையிடி நொடிப்பொழுதில் தாக்கும். விடியட்டும் என்று காத்திருக்கத் தகாத தலையிடி அது.

உயிர் தப்புவோர் எவ்வளவு தேறுவர்? வைத்தியசாலையை அடையும்போது அவர்க்கிருக்கும் உணர்வுநிலையே முதலிற் பார்க்கப்படுவது. ஹண்ட், ஹெஸ் என்னும் இருவர் 1968 இல் இதனை ஐந்து படிகளாக வகுத்தனர். இலேசான தலையிடியுள்ளவர் முதற்படியிலும், ஆழ்ந்த மயக்கமுற்றவர் ஐந்தாம் படியிலும் வைக்கப்படுவர். படி ஏற ஏற நம்பிக்கை குறையும். வயதும் கசிந்த குருதியின் அளவும் இக்கணக்கிற் சேரும்.

வெடித்த இடம் மீண்டும் வெடிக்கும் அபாயம் முதல் 24 மணித்தியாலத்தில் மிகப் பெரிது. ஆகவே அதனை விரைந்து அடைத்தல் வேண்டும். மண்டையோட்டைத் திறந்து புடைப்பின் கழுத்திற் கவ்வியிடுவது ஒரு முறை. வால்ட்டர் டான்டி 1937 இல் செய்து காட்டியது. தொடை நாடிவழியே மெல்லிய குழாயைச் செலுத்திப் பிளாட்டினச் சுருளால் அடைப்பது மற்றையது. இரு முறைக்கும் ஏற்றவரான 2143 நோயாளரை ஆராய்ந்து 2002 இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், ஓராண்டின்பின் இறந்தோரும் பிறர் துணையின்றி வாழவியலாதோரும் கவ்வியிடப்பட்டவருள் நூற்றுக்கு ஏறக்குறைய 31 பேர். சுருள் பெற்றவருள் 24 பேர். எனினும் எல்லாப் புடைப்புக்கும் சுருள் பொருந்தாது.

இனி, உறவினர் ஆறுதலடையும் வேளையில் இரண்டாம் அபாயம் வருகின்றது. மூன்றாம் நாளுக்கும் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கும் இடையில் மூளை நாடிகள் சுருங்கி, ஒரு பகுதி குருதியின்றி வாடக்கூடும். நன்றாகப் பேசும் நோயாளியையும் வைத்தியசாலையில் மறித்து வைப்பதும், நிமோடிப்பின் மருந்தை நான்கு மணிக்கொருதடவை 21 நாட்கள் கொடுப்பதும் இதன்பொருட்டே. “பேசுகிறாரே, வீட்டுக்கு விடுங்கள்” என வைத்தியரை வற்புறுத்துதல் ஆகாது.

வீடு திரும்பியபின் நடப்பார், உண்பார், சிரிப்பார். ஆயினும் சிறு வேலையிலும் களைப்பு, மறதி, உறக்கக் குலைவு, இரைச்சலைத் தாங்காமை, மனச்சோர்வு என்பன மாதக்கணக்கில், சிலர்க்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். வெளிக்காயம் எதுவும் தெரியாதமையால் வீட்டார் இதனைச் சோம்பல் என்பர். நோயாளியும் அதை நம்பிவிடுகிறார். உண்மையில் இது காயமுற்ற மூளையின் களைப்பு. தொழிலுக்கு மீள்வோர் அரைநாட் பணியுடன் தொடங்குதல் நன்று. புகைத்தலை அடியோடு நிறுத்தி, குருதியமுக்கத்தைக் கட்டுப்பாட்டில் வைத்தலும் வேண்டும். சிலர்க்கு வெடிக்காத இன்னொரு புடைப்பும் இருப்பதுண்டு.