"சுகர் இல்லையாம், பார்டர்தானாம்"

ரத்தப் பரிசோதனைச் சீட்டை மடித்துப் பீரோவில் வைக்கும்போது நம் வீடுகளில் சொல்லும் வார்த்தை இது. நம் அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களோடு பழைய சீட்டுகளும் வருகின்றன. கால் புண்ணுக்கோ கண் சிகிச்சைக்கோ உதவி கேட்பவரின் சீட்டுகளைப் புரட்டினால், பல ஆண்டுகளுக்கு முன்பே வெறும் வயிற்றில் 112, 118 என்று ஓர் எண் இருக்கும். அன்றைக்கே பேசியிருக்கலாமே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறோம்.

வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை, மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை: இதில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் அது முன்நீரிழிவு. உலக சுகாதார நிறுவனம் வெறும் வயிற்று அளவை 110-இலிருந்துதான் கணக்கிடுகிறது. அதனால் 105 என்ற அளவை ஒரு டாக்டர் நார்மல் என்றும் இன்னொருவர் பார்டர் என்றும் சொல்லக்கூடும். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு ஹெச்பிஏ1சி சரியாகக் காட்டாமல் போகலாம். அவர்கள் குளுக்கோஸ் தண்ணீர் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது.

உடலில் நடப்பது இதுதான். வயிற்றிலும் ஈரலிலும் கொழுப்பு சேரச் சேர, இன்சுலின் சொல்வதைத் தசைகள் கேட்பதில்லை. கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து சமாளிக்கிறது. அது களைத்துப்போகும் நாளில் நீரிழிவு வந்துவிடுகிறது. அதுவரை வலியோ மயக்கமோ பெரும்பாலும் இருக்காது. ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் இந்த நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடிப் பேர்.

இதைத் தடுக்க முடியுமா என்பதை நம் சென்னையிலேயே பார்த்திருக்கிறார்கள். டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் முன்நீரிழிவு உள்ள 531 பேரை நான்கு பிரிவாக்கி மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. உணவைத் திருத்தி, தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்தவர்களில் அது 39 சதவீதமாகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் ஏறத்தாழ அதே பலன்தான். இரண்டையும் சேர்த்தும் கூடுதல் பலன் இல்லை. உடல் எடை பெரிதாகக் குறையாதவர்களுக்கும் பலன் கிடைத்தது என்பது நமக்குப் பெரிய ஆறுதல். ஆனால் நடந்தும் 39 சதவீதம் பேருக்கு வந்ததே என்று கேட்டால், ஆம், வந்தது. அதனால்தான் ஆண்டுதோறும் பரிசோதனை அவசியம்.

உடலுழைப்பு உள்ளவர்களை அந்த ஆய்வில் தனியாக நடக்கச் சொல்லவில்லை, செய்வதையே தொடரச் சொன்னார்கள். நம் விருத்தாசலம் செராமிக் பேட்டையில் களிமண் சுமப்பவருக்கும் சூளையில் அடுக்குபவருக்கும் இது பொருந்தும். பொம்மைக்குப் பிசிறு எடுப்பவரும் வர்ணம் தீட்டுபவரும் அப்படியில்லை. காலை முதல் மாலை வரை உட்கார்ந்த இடத்திலேயே வேலை. "நாள் முழுக்க உழைக்கிறேனே" என்பது உண்மைதான், ஆனால் கைதான் உழைக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு அடி நடங்கள். மாலையில் அரை மணி நேரம் தனியாக நடங்கள்.

வேலைக்கு நடுவே ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி என்றால் நாளுக்கு 40 கிராம். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் எதற்கு மாறினாலும் ரத்தத்துக்கு அது சர்க்கரைதான். சோற்றைக் குறைத்து, காய், கீரை, பருப்பு, முட்டை, மீனைக் கூட்டுங்கள். வலீமா விருந்தில் பிரியாணியை ஒரு தட்டோடு நிறுத்திக்கொண்டு பிரெட் அல்வாவை விட்டுவிடலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நோன்பு திறக்கும்போது சர்பத்துக்குப் பதில் தண்ணீரும் ஒன்றிரண்டு பேரீச்சம்பழமும் போதும். மாத்திரை சாப்பிடுபவர்கள் ரமளானுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

30 வயதைத் தாண்டியவர்கள், தாய் தந்தைக்குச் சர்க்கரை உள்ளவர்கள், கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்த பெண்கள் அனைவரும் பரிசோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இதற்குக் கட்டணமில்லை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்தால், "எங்களுக்கு ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பாதீர்கள். பீரோவில் பழைய சீட்டு இருந்தால், அதையும் எடுத்து அவர்களிடம் காட்டுங்கள்.